தானாக இறங்கிய கலப்பை

தம்பி, அன்றைக்கு நீ போனில் கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. "அம்மா, வேலையை விட்டுட்டு ஊருக்கே வந்துரவா? அப்பா கால் சரியாகிற வரைக்கும்னு இல்ல, ஒரேயடியா. டிராக்டரை நான் பாத்துக்கிடுதேன்" என்று கேட்டாய். நான் "செத்த பொறு, யோசிச்சுச் சொல்லுதேன்" என்றேன். அதற்குப் பிறகு நீ கூப்பிடும்போதெல்லாம் அப்பாவின் கட்டு, மழை, ரேஷன் கடை என்று வேறு எதையாவது பேசி வைத்துவிடுகிறேன். போனில் எனக்கு ஒன்றைத் தொடங்கினால் இன்னொன்றில் போய் முடிகிறது. அதனால்தான் எழுதுகிறேன். மருமகள் செல்வியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி. அவளிடம் மறைக்க இதில் ஒன்றும் இல்லை. சொல்லப்போனால் அவளும் பதில் சொல்ல வேண்டிய விஷயம்தான் இது.

முதலில் அப்பாவுக்கு அடிபட்டது எப்படி என்று சரியாகச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று நான் சொன்னதை வைத்து நீ என்ன புரிந்துகொண்டாயோ தெரியாது. தீபாவளி கழித்துப் பெய்த மழையில் மகாராஜபுரத்தில் உன் மாமா நிலம் நல்ல பதமாக இருந்தது. மக்காச்சோளம் ஊன்றுவதற்கு உழவு போட அப்பா நம் டிராக்டரைக் கொண்டு போனார். நான் சாப்பாடு எடுத்துக்கொண்டு பின்னாலேயே பஸ்ஸில் போனேன். காட்டுப்பன்றி வராமல் இருக்க அந்தப் பக்கம் எல்லோரும் வேலியில் பழைய சேலைகளைக் கட்டியிருப்பார்கள், பார்த்திருப்பாய். காற்றில் அறுந்து விழுந்து கிடந்த ஒரு சேலை கலப்பையில் மண்ணைக் கிளறுகிற இரும்புக் கொத்தில் சுற்றிக்கொண்டது. அப்பா கலப்பையை ஏற்றி இறக்குகிற லிஃப்டைத் தூக்கினார். கலப்பை மேலே ஏறி நின்றது. இஞ்சினை அணைக்காமலேயே இறங்கி வந்து, இடது காலைக் கொத்துக்கு அடியில் ஊன்றிக்கொண்டு இரண்டு கையாலும் சேலையை இழுத்தார். கலப்பை அப்படியே அவர் கால் மேல் வந்து உட்கார்ந்தது. வரப்பில் நின்ற நான் அதைப் பார்த்தேன். மாமா ஓடிப்போய் லிவரை மேலே தள்ளினான். ஏறவில்லை. ஆக்சிலேட்டரைக் கூட்டிய பிறகுதான் நடுங்கி நடுங்கி ஏறியது. ஆட்டோவில் போட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கிருந்து ராஜபாளையத்தில் எலும்பு டாக்டரிடம் போனோம். பிளேட் வைத்ததெல்லாம் உனக்குத் தெரியும்.

எனக்குப் புரியாத விஷயம் ஒன்றே ஒன்றுதான். தூக்கி நிற்கிற கலப்பைக்கு அடியில் போகாதே என்று ஊருக்கெல்லாம் சொல்கிற மனிதர் அவர். நீ பள்ளிக்கூடம் படிக்கும்போது பந்து எடுக்கக் கலப்பைக்கு அடியில் தவழ்ந்து போனாய் என்று உன்னை அடித்தார், ஞாபகம் இருக்கிறதா? அவர் உன்னை அடித்தது அந்த ஒரு தடவைதான். அதற்காக அன்றைக்கு நான் அவரோடு சண்டை போட்டேன். அப்படிப்பட்டவர் ஏன் தானே போய்க் காலை நீட்டினார்? ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தவரிடம் கேட்டேன். "ஏன் வச்சேன்னு எனக்கே தெரியல" என்றார். தெரியாது என்று அவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்குப் பயமாக இருந்தது.

அவரை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்த பிறகுதான் டிராக்டர் நினைப்பு வந்தது. மாமாவின் நிலம் பாதி உழுதபடி கிடந்தது. வெயில் அடித்துக்கொண்டிருந்தது. ஈரம் காய்ந்துவிட்டால் அந்த விதைப்பு போனதுதான். வேறு டிராக்டரைக் கூப்பிட்டால், பதம் பார்த்து எல்லோரும் உழுகிற நேரம், யாருக்கும் கை ஒழியவில்லை. வாடகைக்கு வண்டி ஓட்டுகிற ஒரு டிரைவரைப் பிடித்து மாமா நம் டிராக்டரை இங்கே மம்சாபுரத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தான். வாசலில் நிறுத்திவிட்டு அந்த டிரைவர் லிஃப்டுக்கு ஆயில் தள்ளுகிற பம்ப் போய்விட்டது என்றார். மாமா, பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிடு அக்கா என்றான். பக்கத்து வீட்டுக்காரர் வால்வு என்றார். ராஜபாளையத்திலிருந்து பட்டறைக்காரர் கனி பாய் வந்து பார்த்தார். முதலில் ஆயிலை மாற்றுவோம், பிறகும் இப்படியே இருந்தால் பம்பைக் கழற்றலாம் என்றார். உங்கப்பா கட்டிலில் படுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். எதைக் கேட்டாலும் "எதையாவது செய்" என்பதுதான் பதில். எனக்குத் தலை சுற்றியது. ஒரே லிஃப்டுக்கு ஆளாளுக்கு ஒரு வியாதி சொன்னால் நான் எதை நம்புவது?

அப்போதுதான் நீ வீடியோவில் வந்தாய். ஆயிலை ஒரு கிளாஸில் பிடித்துக் காட்டச் சொன்னாய். பால் தூக்கலாகப் போட்ட டீ மாதிரி வெளுத்துப் போயிருந்தது. பார்த்த உடனே தண்ணீர் கலந்திருக்கிறது என்றாய். கியர் கம்பிக்கு அடியில் இருக்கிற ரப்பர் உறையைக் காட்டு என்றாய். காட்டினேன். கிழிந்திருந்தது. மழை முழுக்க அந்த வழியாகத்தான் உள்ளே இறங்கியிருக்கிறது. ஆயிலைக் கீழே இறக்கச் சொல்லி, உள்ளே பம்புக்குப் போகிற பாதையில் ஒரு சல்லடை இருக்கும், அதைக் கழற்றிக் கழுவச் சொல்லுங்கள் என்று கனி பாயிடம் நீயே பேசினாய். அவர் கழற்றினார். கூழ் மாதிரி அழுக்கு அப்பியிருந்தது. அந்த நேரம் உன் முகத்தை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன் தம்பி. நீ வேலைக்கு ஓசூருக்குப் போனதிலிருந்து அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை. இதை எதற்குச் சொல்கிறேன் என்று பின்னால் சொல்கிறேன்.

புது ஆயில் ஊற்றி, ரப்பர் உறை மாற்றி, ஸ்டார்ட் பண்ணினால் லிஃப்ட் சரசரவென்று ஏறியது. புது வண்டியில்கூட அப்படி ஏறி நான் பார்த்ததில்லை. உனக்குப் போன் போட்டுச் சொன்னோம். நீயும் செல்வியும் சிரித்தீர்கள். அப்பாவிடம் போய்ச் சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினார். மறுநாள் அந்த டிரைவர் வண்டியை மாமா நிலத்துக்கு ஓட்டிப் போனார். காலையில் நன்றாக உழுதது. உச்சி வெயிலில் போன் வந்தது. வரப்பு முனையில் கலப்பையைத் தூக்கி வண்டியைத் திருப்புகிற நேரத்துக்குள் கலப்பை தானாக இறங்குகிறதாம். இந்த வண்டிக்குப் பக்கத்தில் நிற்கவே பயமாக இருக்கிறது என்று சொல்லி, திரும்ப நம் வாசலில் கொண்டுவந்து விட்டுவிட்டு அவர் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. அந்த வண்டி என்ன செய்தது என்று அவர் கேள்விப்பட்டிருந்தார்.

எனக்குக் கோபம்கூட வரவில்லை, குழப்பம்தான். நீ சொன்னது சரி. தண்ணீர் இருந்தது, அழுக்கு இருந்தது, இரண்டையும் எடுத்தாயிற்று. அப்புறம் ஏன்? நான் கல்யாணத்துக்கு முன்னால் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணித் தறி ஓட்டியது உனக்குத் தெரியும். தறியில் நூல் அறுந்துகொண்டே இருந்தால் மேஸ்திரி நூலைத் திட்டுவார், பாவு போடுகிறவர் குறுக்கே ஓடுகிற நாடாக்கட்டையைத் திட்டுவார். நான் ஒன்றும் பேசாமல் தறிக்குப் பக்கத்தில் நின்று எந்த இடத்தில், எப்போது அறுகிறது என்று மட்டும் பார்ப்பேன். வேறு வழி தெரியாததால் இதையும் அப்படிப் பார்ப்போம் என்று தோன்றியது. காலையில் இஞ்சின் சூடாகும் முன் கலப்பையைத் தூக்கி நிறுத்தினேன். எட்டத்தில் ஒரு தென்னை மட்டையை மண்ணில் ஊன்றி, கலப்பைச் சட்டம் இருந்த உயரத்துக்குக் கரித்துண்டால் கோடு போட்டேன். இஞ்சினை அணைத்துவிட்டு, தள்ளி ஒரு ஸ்டூலைப் போட்டு டீ குடித்தேன். கலப்பை விரல்கட்டை அளவு இறங்கியது. பிறகு இஞ்சினை நன்றாகச் சூடாக ஓடவிட்டு மறுபடியும் தூக்கினேன். ஏறும்போது குறை சொல்ல முடியாது, கிடுகிடுவென்று ஏறியது. அணைத்தேன். டீயை ஆற்றி வாயில் வைப்பதற்குள் தரையைத் தொட்டுவிட்டது.

அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் ஒன்று புரிந்தது. நாம் எல்லோரும் லிஃப்ட் வேலை செய்யவில்லை, லிஃப்ட் வேலை செய்கிறது என்று ஒரே விஷயமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். தூக்குவது ஒரு வேலை, தூக்கியதைத் தாங்குவது வேறு வேலை. ஆயில் மாற்றியதில் தூக்குவது சரியாகிவிட்டது. தாங்குவது சரியாகவில்லை. இஞ்சினை அணைத்த பிறகு பம்ப் சுற்றவே இல்லை. அப்போதும் கலப்பை இறங்குகிறது என்றால் பம்பைக் குறை சொல்லி என்ன பிரயோஜனம்? கனி பாய்க்குப் போன் போட்டு இதைச் சொன்னேன். "நீங்க சொல்லுதது சரியா இருக்கலாம் யக்கா. ஆனா பம்பும் பழசுதான், அதையும் நம்ப முடியாது. திறந்து பாப்போம், எனக்கும் தெளிவா இல்ல" என்றார். தெளிவாக இல்லை என்று அவர் சொன்னது எனக்கு ஆறுதலாக இருந்தது. அதுவரை நான் ஒருத்திதான் குழம்புகிறேன் என்று நினைத்திருந்தேன்.

மறுநாள் கலப்பையைத் தரையில் இறக்கி வைத்துவிட்டு, சீட்டைக் கழற்றி, பின்னால் இருக்கிற பெரிய மூடியை அவரும் மாமாவும் சேர்ந்து தூக்கி எடுத்தார்கள். உள்ளே சிலிண்டரில் பிஸ்டனைச் சுற்றி இருக்கிற ரப்பர் வளையம் வெயிலில் கிடந்த செருப்பு வார் மாதிரி இறுகி, ஒரு இடத்தில் அறுந்து கிடந்தது. ஆயில் குளிர்ச்சியாகக் கெட்டியாக இருக்கும்போது எப்படியோ தாங்கியிருக்கிறது. சூடாகி இளகிய பிறகு அந்த அறுப்பு வழியாகக் கசிந்து போயிருக்கிறது. அப்படியென்றால் அடைத்துக்கொண்ட சல்லடையும் அறுந்த வளையமும் ஒரே நேரத்தில் இருந்திருக்கின்றன. நீ சொன்னதும் சரி, நான் பார்த்ததும் சரி. அன்றைக்கு மகாராஜபுரத்தில் கலப்பையை இறக்கியது வளையம். மாமா லிவரைத் தள்ளியபோது ஏறவிடாமல் செய்தது சல்லடை. கனி பாய் வளையம் மாற்றி மூடியைப் போட்டார். மட்டையைத் திரும்ப ஊன்றிப் பார்த்தோம். சூட்டிலும் கலப்பை கோட்டை விட்டு இறங்கவில்லை.

வண்டி சரியாகிவிட்டது. ஓட்டுவதற்குத்தான் ஆள் இல்லை. பழைய டிரைவர் வர மறுத்தார். வேறு ஒருவர் மகாராஜபுரம் வரை ஓட்டிக்கொண்டு வந்து நிலத்தோரம் விட்டுத் தருவதாகவும், உழுவதற்கு நேரம் இல்லை என்றும் சொன்னார். மாமாவுக்கு மோட்டார் சைக்கிளைத் தவிர ஒன்றும் தெரியாது. ஈரம் அந்த ஒரு நாள்தான் தாங்கும் போலிருந்தது. தம்பி, இதை உன்னிடம் போனில் சொல்லாமல் வைத்திருந்தேன். நான்தான் ஓட்டினேன். கொட்டகையிலிருந்து வெளியே எடுப்பேன், உள்ளே விடுவேன். அவ்வளவுதான் அதற்கு முன்னால் எனக்குப் பழக்கம். புடவையைத் தூக்கிச் சொருகி, மேலே அப்பாவின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். அப்பா தானும் வருவேன் என்று அடம்பிடித்ததால் மாமா அவரை ஆட்டோவில் கூட்டி வந்து புளியமரத்தடியில் நாற்காலியில் உட்கார வைத்து, கட்டுப்போட்ட காலை உரமூட்டை மேல் தூக்கி வைத்திருந்தான். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. மலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் சுற்று போனேன். இரண்டாவது சுற்றில் ஓடைப் பக்கம் மண் கெட்டியாக இருக்கிற இடத்தில் கலப்பை தானாக மேலே வந்துவிட்டது. இறக்கினேன். திரும்பவும் வந்தது. இத்தனை நாளும் தானாக இறங்கிய கலப்பை இப்போது தானாக ஏறுகிறது. வண்டியை நிறுத்தி, ஸ்டீயரிங்கில் கையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மூடியைத் தப்பாகப் போட்டுவிட்டார்களா, வளையத்தைத் தலைகீழாகப் போட்டுவிட்டார்களா, இல்லை நான்தான் ஒன்றும் தெரியாமல் கை வைத்துக் கெடுத்துவிட்டேனா? ஒன்றும் ஓடவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்போது மரத்தடியிலிருந்து அப்பா குரல் கேட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவ்வளவு சத்தமாக அவர் பேசி நான் கேட்கவில்லை.

"கெட்டுப் போகல. அதுல லிவர் ரெண்டு இருக்கு. உள்பக்கம் இருக்கிறதக் கீழ தள்ளு."

குனிந்து பார்த்தேன். இரண்டு லிவர் இருந்தது. ஒன்று கலப்பை எவ்வளவு உயரத்தில் நிற்க வேண்டும் என்பதற்கு. இன்னொன்று, மண் கெட்டியாக இழுத்தால் எவ்வளவு இழுவைக்குக் கலப்பை தானே கொஞ்சம் மேலே வந்துகொள்ள வேண்டும் என்பதற்கு. அந்த இரண்டாவது லிவர் ரொம்ப மேலே இருந்ததால் மண் லேசாக இறுகினாலே கலப்பை எழும்பியிருக்கிறது. அது கோளாறே இல்லை, அதன் வேலையே அதுதான். கீழே தள்ளினேன். கலப்பை மண்ணில் இறங்கி நின்றது. இத்தனை வருஷம் எனக்கு இதை ஏன் சொல்லவில்லை என்று மதியச் சாப்பாட்டின்போது கேட்டேன். "நீ கேக்கலியே" என்றார். பிறகு, கொஞ்சம் கூட்டிக் குடு, மெதுவாத் திருப்பு, முனையில ஒடிக்காத என்று ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். நிலம் முழுக்க உழுது முடித்தேன். உழவு பாம்பு ஓடிய மாதிரி இருந்தது. இன்றைக்கும் மாமா நிலத்தில் மக்காச்சோளம் வளைந்து வளைந்துதான் முளைத்து நிற்கிறது. போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் யார் உழுதது என்று கேட்கிறார்களாம்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் லைசென்ஸுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். அதுவரை ரோட்டில் ஓட்டுவதில்லை, வயலுக்குள்ளே மட்டும்தான். அப்பா இடது காலால் கிளட்சை மிதிக்கச் சித்திரை ஆகும் என்கிறார் டாக்டர். அதற்குப் பிறகும் முன்போல மிதிக்க முடியுமா என்பதற்கு அவர் நேராகப் பதில் சொல்லவில்லை. லிஃப்டும் முழுக்கச் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். சில நாள் மத்தியானத்தில் கலப்பை லேசாக நடுங்குகிறது. இன்னும் எங்கேயோ கொஞ்சம் கசியலாம் என்கிறார் கனி பாய். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எனக்குத் தெரியவில்லை. ஆனால் எதுவாக இருந்தாலும் கலப்பையைத் தரையில் இறக்கி இஞ்சினை அணைக்காமல் நான் சீட்டை விட்டு இறங்குவதில்லை. நல்லபடியாக நிற்கிறது என்று தெரிந்தாலும் இறங்குவதில்லை. நீ எந்த இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றாலும் அப்படியே செய். உங்கப்பாவுக்கும் அது தெரியும். தெரிந்தும் ஒரு நிமிஷம் மறந்துபோனார், அவ்வளவுதான். அவ்வளவுதானா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம் வரும். அதை விட்டுவிடுவோம்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். டிராக்டருக்காக நீ வர வேண்டாம். எங்களுக்காகவும் வேண்டாம். ஒத்தாசைக்கு மாமா இருக்கிறான், நானும் இருக்கிறேன். ஆனால் அந்த வெளுத்த ஆயிலைப் பார்த்தபோது உன் முகம் இருந்ததே, அதை என்னால் மறக்க முடியவில்லை. நீ கேட்ட கேள்வியில் இரண்டு விஷயம் கலந்திருக்கிறதோ என்று எனக்குத் தோன்றுகிறது. அப்பாவுக்கு உதவ வேண்டும் என்பது ஒன்று. அங்கே உனக்கே ஏதோ சரியில்லையோ என்பது இன்னொன்று. வேலையா, வீடா, உடம்பா, எனக்குத் தெரியாது. உன் குரலை வைத்து மட்டும் என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. நீ அதைக் கேட்ட அன்றைக்குச் செல்வி உன் பக்கத்தில் இருந்தும் போனை வாங்கி ஒன்றும் பேசவில்லை. அவளுக்குச் சம்மதம் இல்லாததாலா, நீ அவளிடம் சொல்லவே இல்லையா? அப்பாவுக்கு உதவுவதுதான் காரணம் என்றால் நீ அங்கேயே இரு, பொங்கலுக்கு இரண்டு பேரும் வந்துவிட்டுப் போங்கள். உனக்கு அங்கே சரியில்லை என்பதுதான் காரணம் என்றால் முதலில் அவளிடம் உட்கார்ந்து பேசு, பிறகு என்னிடம் சொல். அப்போது வா என்றுதான் சொல்வேன். அப்பாவின் காலைச் சாக்காக வைத்து மட்டும் வராதே. காரணம் இல்லாமல் வந்தாலும் இது உன் வீடுதான்.

அப்பா என்ன சொல்கிறார் என்று கேட்பாய். அவர் நீ வர வேண்டாம் என்கிறார். மறுநாள் இங்கே உன் ரூமில் ஒழுகுகிற ஓடுகளை மாற்றச் சொல்கிறார். நான் இரண்டையும் அப்படியே உனக்கு எழுதிவிட்டேன். எது நிஜம் என்று என்னைக் கேட்காதே.

இன்று காலை இதைப் பாதி எழுதி வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். அப்பா கம்பை ஊன்றிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். மேலத்தெருவிலிருந்து ஒரு பெரியவர் வந்து, மாந்தோப்புக்குள் ஒரு உழவு போட வேண்டும், டிரைவர் எப்போது வருவார் என்று கேட்டார். நான் கரண்டியைப் பிடித்தபடி காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

"டிரைவர் உள்ள கொழம்பு தாளிச்சுக்கிட்டு இருக்கா. செத்த நேரம் உக்காருங்க, இப்ப வந்துருவா" என்றார்.

அம்மா